வளைவில் சேர்ந்த காற்று

மார்ச் 3, திங்கள்

சாப்பிட்டது: காலை கஞ்சி அரை டம்ளர். மதியம் மோர் சாதம் நாலு ஸ்பூன். ராத்திரி எதுவும் வேண்டாம் என்றாள். வாந்தி ஒரு தடவை.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து பார்க்கிற பியூலா சிஸ்டரின் உத்தரவு. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் பைப் ஃபிட்டராக இருந்து ஷிஃப்ட் லாக் எழுதினவனிடம் வந்து, "தேதி போட்டு எழுதுங்க ஐயா" என்கிறார். இந்தக் கோதண்டபாணி தேதி போடாமல் எதையாவது எழுதியிருக்கிறானா என்று கேட்க நினைத்தேன். நல்ல பெண், பாவம், விட்டுவிட்டேன்.

என் மனைவி அம்சவேணியை நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஈரலில் வந்தது புற்று, இனிமேல் ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை, கேட்டதைக் கொடுங்கள் என்றார் டாக்டர். எத்தனை மாசம் என்று கேட்டேன். மாசக் கணக்கு வேண்டாம் சார், வாரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சின்னப் பையன், முப்பத்தைந்து வயசுகூட இருக்காது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கட்டிலை ஹாலில் மீன் தொட்டிக்கு எதிரே போட வேண்டும். போட்டேன்.

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு ஆஸ்கர் மீன். கறுப்பில் ஆரஞ்சுத் தீற்றல், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெயர் தொரை. கூப்பிட்டால் வராது, பிடித்தால்தான் சாப்பிடும், கோபம் வந்தால் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். அவள் கையிலிருந்து மட்டும் இறாலை வாங்கும். ஒன்பது வருஷம் ஆகிறது வீட்டுக்கு வந்து.

அதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது. எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு அது செத்துப்போனது. வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்று இன்றுவரை சொல்கிறாள். மீன் வளர்க்கிற வீடுகளில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு ஒரு நன்றி இல்லை, செத்த மீனுக்கு மாலை போடாத குறை. ஏர் பம்ப் நின்றுபோய்ச் செத்தது அது. சொன்னால் கேட்க மாட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

சாப்பிட்டது: கஞ்சி கால் டம்ளர். இளநீர். வாந்தி மூன்று.

வாந்திக்குக் காரணம் மருந்து இல்லை, தொட்டி. ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளும் நான் தண்ணீர் மாற்றவில்லை. மேலே எண்ணெய் மாதிரி ஆடை கட்டி நிற்கிறது, கிட்டே போனால் கவிச்சு நாற்றம். அவளுக்கு இப்போது முகர்ந்தாலே குமட்டுகிறது. கட்டிலை உள்ளே போட்டுவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வாளியைக் கேட்டாள்.

எட்டு வாளி தண்ணீர் இறைத்து மாற்றினேன். சாயங்காலத்துக்குள் மறுபடி ஆடை.

மார்ச் 5, புதன்

சாப்பிட்டது: இட்லி ஒன்று. வாந்தி இரண்டு.

கொளத்தூர் போய் பிரான்சிஸை அழைத்து வந்தேன். இந்தத் தொட்டியை ஒட்டிக் கொடுத்தவன் அவன்தான். மேலே படிகிற அழுக்கைத் தனியாக எடுக்க முடியாது சார், மேல் தண்ணீரே தானாக வழிந்து போகிற மாதிரி ஓவர்ஃப்ளோ வைக்க வேண்டும் என்றான். விஷயம் எளிதுதான். வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே ஒரு சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே பஞ்சிலும் கல்லிலும் வடிந்து சுத்தமாகும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இறங்குகிற வழிக்கு இரண்டு முறை சொன்னான். ஒன்று, பின்பக்கக் கண்ணாடியில் துளை போட்டு உள்ளே ஒரு பெட்டி ஒட்டி மூன்று குழாய் இறக்குவது. முதல் குழாயில் முழுத் தண்ணீரும் இறங்கும். இரண்டாவதில் மிச்சம் மீதி கசியும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும், முதல் இரண்டும் அடைத்துக்கொண்டால் மட்டும் வேலை செய்யும்.

இன்னொன்று, துளையே வேண்டாம். குழாயை வளைத்து விளிம்பு மேல் ஏற்றி வெளியே இறக்கினால், டிரம்மிலிருந்து டியூப் வைத்து உறிஞ்சி இறக்குகிற மாதிரி தண்ணீர் தானாக ஏறி இறங்கும்.

பிரான்சிஸ் துளைக் கட்சி. "சார், வளைவுல காத்து சேரும் சார். இன்னிக்கு சேராது, நாளைக்கு சேராது, பத்து நாள் கழிச்சு ஒரு நாள் டக்குனு நின்னுடும். மேல ஏத்துற மோட்டாருக்கு அது தெரியாது சார். அது பாட்டுக்கு ஏத்தும்" என்றான்.

துளை போட எத்தனை நாள் என்று கேட்டேன். தொட்டியைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும், பெட்டி ஒட்டின பசை காய வேண்டும், தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும், ஐந்து நாள் என்றான். மீன் அதுவரை டிரம்மில் இருக்கும்.

ஐந்து நாள் என்றதும் கட்டிலைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் முடியாது, குழாயை நானே வளைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

சாப்பிட்டது: கஞ்சி நாலு ஸ்பூன். வலி பத்துக்கு ஆறு.

ஐந்து நாள் ரொம்ப அதிகம்.

மார்ச் 8, சனி

சாப்பிட்டது: ரசம் சாதம் ஆறு ஸ்பூன். வாந்தி ஒன்று.

குழாய் வேலை முடிந்தது. ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய், வளைக்கிற எல்போ ஏழு, கிளை பிரிக்கிற டீ இரண்டு. கையை வைத்தால் மறக்கவில்லை. மூடியில் ஓரமாக ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குழாயை உள்ளே விட்டேன். திறந்த இடத்துக்கு வலை போடச் சொல்லி பிரான்சிஸ் போனில் சொன்னான். போடலாம்.

சோதனை பண்ணினேன். இந்த ஊரில் மின்சாரம் போகும், வரும், அதுதானே பயம்? ஸ்விட்சை அணைத்தேன், தண்ணீர் நின்றது. போட்டேன், தானாக இறங்க ஆரம்பித்தது. பன்னிரண்டு தடவை. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. தொழிற்சாலையில் பிரேக் குழாய்க்கு அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிஷம் பார்ப்போம், முள் இறங்காவிட்டால் பாஸ். என் குழாய் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை.

கட்டிலில் இருந்தபடியே எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பென்ஷன் வாங்கின அப்புறமும் இந்த வேலைய விட மாட்டீங்களா" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கிண்டல் பண்ணுகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிட்டது: இட்லி ஒன்றரை. வாந்தி இல்லை.

ஆடை போய்விட்டது. நாற்றம் இல்லை. கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரித் தண்ணீர். தொரை நாள் முழுக்க அவள் பக்கத்துக் கண்ணாடியிலேயே நின்றது.

மஸ்கட்டிலிருந்து சுகந்தி பேசினாள். ஒரே மகள், அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபத்தொன்பதாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள், பேரனுக்கு அதற்குள் பரீட்சை முடிந்துவிடும். முன்னாலேயே கிளம்பி வரட்டுமா என்று கேட்கிறாள். டாக்டர் சொன்னதை நான் அவளிடம் முழுசாகச் சொல்லவில்லை. போனில் எப்படிச் சொல்வது?

மார்ச் 12, புதன்

சாப்பிட்டது: கஞ்சி அரை டம்ளர். வலி ஐந்து.

பியூலா சிஸ்டர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "ஐயா, நடுவுல ரெண்டு மூணு நாள் நல்லா ஆன மாதிரி இருப்பாங்க. அதை நம்பிடாதீங்க. வர வேண்டியவங்கள இப்பவே வரச் சொல்லிடுங்க."

சாயங்காலம் மாடிப்படியில் நின்று சுகந்திக்குப் போன் பண்ணி, வந்துவிடு என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அழுதாள். பதினேழாம் தேதி திங்கட்கிழமைக்கு டிக்கெட்டை மாற்றிவிட்டாள்.

அம்சாவிடம் சொன்னேன். பையனுக்குப் பரீட்சை இருக்கே என்றாள். ஆனால் முகம் தெளிந்துவிட்டது. மகள் வந்தால் தலை பின்னிவிடச் சொல்ல வேண்டுமாம், எனக்குப் பின்னத் தெரியவில்லையாம்.

மார்ச் 14, வெள்ளி

தொரை செத்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலையில் வலி மாத்திரை தீர்ந்திருந்தது. நம் தெருக் கடையில் அது இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் போக வேண்டும். பதினொன்றுக்குக் கிளம்பினேன். அரை மணியில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். அங்கே சீட்டைப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. என் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

கதவைத் திறந்தால் கால் வழுக்கியது. ஹால் முழுக்கத் தண்ணீர். மோட்டார் காய்ந்துபோய் ஓலமிடுகிறது. மின்சாரம் போகவே இல்லை. வளைவில் காற்று சேர்ந்து இறக்கம் நின்றிருக்கிறது, கீழ்த் தொட்டியில் இருந்ததை எல்லாம் மோட்டார் மேலே ஏற்றி, விளிம்பு வரை நிரம்பி வழிந்திருக்கிறது. தண்ணீர் மூடி வரை ஏறியதும் மீன் மிரண்டு, நான் வெட்டி வைத்த சந்து வழியாக வெளியே துள்ளியிருக்கிறது. வலை போடலாம் போடலாம் என்று ஆறு நாளாகப் போடாத சந்து.

கட்டில் காலடியில் கிடந்தது. அவள் ஓரத்துக்கு வந்து ஒருக்களித்திருந்தாள், ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. தரைக்கும் விரலுக்கும் ஒரு ஜாண்தான் இடைவெளி. இன்னொரு கையில் அவளுடைய போன்.

"வந்துட்டீங்களா" என்றாள். "தொரை வெளிய வந்துடுச்சுங்க."

அவளைப் புரட்டிப் படுக்க வைத்தேன். தண்ணீரைத் துடைத்தேன். மீனைத் துணியில் சுற்றிக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். குழாயைக் கழற்றி, வாசலோரத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிட்டது: எழுத விட்டுவிட்டேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 15, சனி

சாப்பிட்டது: காலை இட்லி இரண்டு. ஆமாம், இரண்டு. மதியம் குழைந்த சாதம் ஒரு கிண்ணம்.

காலையில் அவளே கூப்பிட்டாள். தலையணை இரண்டு வைத்து உட்கார வைக்கச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வந்தத அது வாங்கிக்கிச்சுங்க" என்றாள். "நேத்தே தெரிஞ்சுது. வயித்துல பாரம் இறங்கினாப்பல இருக்கு. கண்டம் கழிஞ்சிடுச்சு."

நான் என்ன சொல்ல வேண்டும்? அம்சா, அது கண்டமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, என் குழாய் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் இட்லி கேட்டாள். ஓடிப்போய் ஊற்றினேன்.

பதினொரு மணிக்கு சுகந்தி பேசினாள். ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள் அம்சா. எனக்குச் சரியாகிவிட்டது, நாளை மறுநாள் ஓடி வராதே, பையன் பரீட்சை முடித்துவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு நிதானமாக வா என்றாள்.  சுகந்தி, "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. திங்கக்கிழமை டிக்கெட்ட கேன்சல் பண்ணட்டுமா?" என்றாள்.

அம்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அப்படி ஒரு தெளிவு.

"அம்மா சொல்றபடி செய்ம்மா" என்றேன்.

சரிப்பா என்று வைத்துவிட்டாள். சிஸ்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் நான் சொன்னது மூன்றே சொல். அதில் பொய் எங்கே இருக்கிறது?

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிட்டது: இட்லி இரண்டு. ரசம் சாதம். வலி நாலு.

தொட்டி காலியாக இருக்கக் கூடாதாம், கண்டத்தை வாங்கிக்கொண்டு போன இடத்தில் உடனே இன்னொன்றை விட வேண்டுமாம். இந்தத் தடவை பிரான்சிஸ் சொன்னபடி துளை போடுங்கள் என்றாள். அவனும் இன்னொரு ஆளும் வந்து தொட்டியைத் தூக்கிப் போனார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போகும்போது பிரான்சிஸ் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எல்போவைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான்.

மார்ச் 18, செவ்வாய்

சாப்பிட்டது: இட்லி இரண்டு, காலையிலும் ராத்திரியிலும்.

நான்கு நாளாக இரண்டு இட்லி. முன்னால் ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டும். இப்போது, தட்டை வைத்துவிட்டுப் போங்க, பார்த்துக்கொண்டே நிற்காதீங்க என்கிறாள். போய்விட்டு வந்தால் தட்டு காலி.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. முருங்கை மரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. செருப்பைக் கழற்றியிருந்தேன் என்பதைத் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்.

மார்ச் 19, புதன்

சாப்பிட்டது: இட்லி இரண்டு.

பியூலா சிஸ்டர் நோட்டைப் பார்த்தார். அம்சாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். நோட்டை மறுபடி பார்த்தார். சாப்பிடுகிறாரா ஐயா, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களா என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நான் எழுதுவது பொய்யா என்றேன். இல்லை ஐயா என்றார்.

தொட்டி இருந்த இடத்தில் சுவர் வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது. மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். துளை போட ஐந்து நாள் இருந்திருக்கிறது. அன்றைக்கே இருந்திருக்கிறது. நான்தான் இல்லை என்று நினைத்தேன்.

மார்ச் 22, சனி

சாப்பிட்டது: இட்லி ஒன்று. பாதியில் தூங்கிவிட்டாள்.

தொட்டி வந்தது. ஐந்து நாள் என்றவன் ஆறு நாள் எடுத்துக்கொண்டான். வேலை சுத்தம், குறை சொல்ல இடமில்லை. முதல் குழாயில் சத்தமே இல்லாமல் இறங்குகிறது, இரண்டாவதில் நூல் மாதிரி, மூன்றாவது காய்ந்து கிடக்கிறது. முதல் குழாயைக் கையால் பொத்திப் பார்த்தேன். உடனே மூன்றாவதில் கடகடவென்று இறங்கியது. மேலே ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. மூடியில் சந்தே இல்லை. அப்படியும் பிரான்சிஸ் வலை போட்டிருக்கிறான்.

விரல் நீளத்தில் ஒரு ஆஸ்கர் குஞ்சு. மூலையில் போய் நின்றுகொண்டது. பேர் வை என்றேன். சுகந்தி வந்து வைக்கட்டும் என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிட்டது: தண்ணீர் ஸ்பூனில். மஞ்சளாக இருக்கிறாள், கண்ணும்.

காலையில் மூடின கண்ணை மதியம்தான் திறந்தாள். மீன் சாப்பிட்டதா என்று கேட்டாள்.

மார்ச் 24, திங்கள்

சிஸ்டர் வந்தார். நோட்டைக் கேட்கவே இல்லை.

சுகந்திக்குப் போன் பண்ணினேன். கிளம்பு என்றேன். என்னப்பா ஆச்சு, நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை, அம்மா சொல்றபடி செய் என்றுதான் சொன்னேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. தூ. நானும் ஒரு மனுஷன்.

நாளை ராத்திரி விமானத்தில்தான் இடம் கிடைத்ததாம்.

மார்ச் 25, செவ்வாய்

மதியம் இரண்டு இருபது.

மார்ச் 26, புதன்

சுகந்தி காலை ஏழு மணிக்கு வந்தாள். ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். அப்புறம் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். சீப்பு கேட்டாள். தலையை வாரிப் பின்னிவிட்டாள். எல்லாரும் நேரமாகிறது என்றார்கள். யாரும் பேசக் கூடாது என்று கத்தினேன். முழுசாகப் பின்னி முடித்த பிறகுதான் எடுத்தோம்.

மார்ச் 30, ஞாயிறு

கட்டிலை ஹாலிலிருந்து எடுத்தேன். மெத்தையைத் தூக்கினால், சுவரோரமாகக் காகிதப் பொட்டலங்கள். மாத்திரை வாங்கி வந்த கவர்களைக் கிழித்து மடித்தவை. ஒன்றைப் பிரித்தேன். காய்ந்த இட்லி. இன்னொன்று, அதுவும் இட்லி. எண்ணினேன், பதினொன்று இருந்தது.

பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வரை இந்த நோட்டில் எழுதியிருப்பது தப்பு. லாக்கில் தப்பு எழுதினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தேன். அடிக்கக் கை வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

சுகந்தி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு பண்ணியிருந்தேன். தொரை தானாகச் சாகவில்லை, என் குழாய்தான் காரணம், அம்மா கண்டம் கழிந்தது என்று நம்பினாள், நான் தடுக்கவில்லை என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் திரும்பவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்பா" என்றாள்.

அம்சா அன்றைக்கு என் போனுக்கு இரண்டு தடவை அடித்திருக்கிறாள். அது இங்கே அலமாரியிலேயே மணி அடித்திருக்கிறது. அப்புறம் மகளுக்கு அடித்திருக்கிறாள். அப்பா போட்ட குழாய் நின்றுவிட்டது, தண்ணீர் வழிகிறது, எழுந்து மோட்டாரை அணைக்க முடியவில்லை என்று. மீன் வெளியே விழுந்தது சுகந்திக்குப் போனிலேயே கேட்டிருக்கிறது. தரையில் அடித்துக்கொண்டதும் கேட்டிருக்கிறது. அது அடங்கின பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. நான் கதவைத் திறக்கிற சத்தம் வரைக்கும்.

"'உங்கப்பா வந்துட்டார், வைக்கிறேன். பைப்புன்னு சொல்லிடாதடி, மனுஷன் உடைஞ்சு போயிடுவார். நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்'னாங்க. மறுநாள் கண்டம்னு ஆரம்பிச்சதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு."

நான் அந்தக் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இட்லியை எனக்காகக் காகிதத்தில் மடித்தாள். நான் அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நடுவில் இந்தப் பெண்.

"பொய்யின்னு தெரிஞ்சா அப்புறம் ஏம்மா டிக்கெட்ட கேன்சல் பண்ண?" என்றேன்.

அப்போதுதான் திரும்பினாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன், அது இல்லை. "அம்மா பொய் சொல்வாங்கன்னு தெரியும்பா. அதனாலதான் உங்கள கேட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

பதினாறாம் நாள் காரியம் நேற்று முன்தினம் முடிந்தது. சுகந்தி கிளம்பிவிட்டாள். வாசலில் ஆட்டோ நிற்கும்போது உள்ளே ஓடி வந்து தொட்டியை ஒரு தடவை பார்த்தாள். பேர் வைக்கவில்லையே என்றேன். அடுத்த தடவை என்றாள். போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தொட்டிக்குள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மேலே ஆடை இல்லை. மூன்றாவது குழாயில் ஒரு சொட்டு இல்லை. குஞ்சு மூலையை விட்டு வெளியே வர ஆரம்பித்திருக்கிறது. கட்டில் இருந்த பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நிற்கிறது, அந்தப் பக்கம்தான் வெளிச்சம் அதிகம்.

சாயங்காலம் சுகந்தி பேசினாள். ஸ்பீக்கரைப் போடவில்லை. பேரன் பாஸாகிவிட்டான், அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "சாப்டீங்களாப்பா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றுதான் வாயில் வந்தது. வந்ததை விழுங்கினேன்.

"இல்லம்மா" என்றேன். "மூணு நாளா சரியா சாப்பிடல. அடுப்பே பத்த வைக்கல."

 வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், சமையலறைக்குப் போங்க, வீட்ல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க என்றாள். போனைக் காதில் வைத்தபடியே போய் டப்பாக்களைத் திறந்தேன். ரவை இருந்தது, வெங்காயம் இரண்டு இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னாள். எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிண்டி இறக்கும் வரைக்கும் போனை வைக்கவில்லை.

சாப்பிட்டது: உப்புமா, ஒரு தட்டு. உப்பு கொஞ்சம் தூக்கல்.